படுக்கை விரிக்க வேண்டாத அறை

பிப்ரவரியில் இரண்டு வாரம்
டூசானில் எங்கள் மோட்டலில்
யாரும் கட்டிலில் படுப்பதில்லை.
மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டு
பலகை போட்டு, வெள்ளை விரிப்புப் போட்டு
கற்களைக் கிடத்துகிறார்கள்.
மனிதர்கள் தரையில்.

"விரிப்பு மட்டும் கொடு, ஒஃபீலியா.
கூட்டாதே. எதையும் துடைக்காதே."
எனக்கென்ன.
கல் சிகரெட் பிடிக்காது,
டவலைத் திருடாது,
மூட்டைப்பூச்சி கடித்ததென்று புகார் எழுதாது.

நூற்றுப் பதினான்கில் ரோஸி அலி.
பாகிஸ்தானின் வடக்கே ஷிகர் பள்ளத்தாக்கு.
சுரங்கவாய்க்கு ஏறிப்போகவே ஒன்றரை நாளாம்.
அக்வாமரீன்களை
பிள்ளைகளின் கம்பளிக் காலுறைகளுக்குள் நுழைத்து
கொண்டுவந்திருந்தான்.
காலுறையை உருவினால்
ஆறு பட்டையோடு நீலம் வெளியே வரும்.
நீலம் என்றுகூடச் சொல்ல முடியாது;
நீலத்தைக் கொட்டிக் கழுவிய கண்ணாடி டம்ளரில்
மிச்சம் ஒன்று நிற்குமே, அது.

நூற்றுப் பதினைந்தில் டெல்பர்ட்.
டென்னசி துத்தநாகச் சுரங்கத்தில்
இருபத்தாறு வருடம்.
அவன் கற்கள் தேன் நிறம், கையளவு,
இரண்டு முனையும் கூர்.
ரொட்டி தின்று காலியான சாப்பாட்டு டப்பாவில்
ஒளித்து வெளியே எடுத்தவை.
"துத்தநாகம் முதலாளிக்கு. இது எனக்கு."
கால்சைட் என்றான்.
நாலாயிரம் டாலர் என்றான்.

கால்சைட் என்றால்?

"சுண்ணாம்புதான்.
உன் ஷவர் தலையில் வெள்ளையாகப் படிகிறதே,
அதே சரக்கு."

பதினெட்டு வருடமாக அதைத்தான்
வினிகர் ஊற்றிச் சுரண்டி
சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொல்லி முடித்தபிறகுதான்
என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான்.
கல்லுக்கும் எனக்கும் நடுவே
சட்டென்று வந்து நின்றான்
அவ்வளவு பெரிய மனிதன்.

கடைசி நாள் இரவு
ரோஸி அலியின் பெரிய கல்லுக்கு
ஒரு ஜெர்மன்காரர் வந்தார்.
பேரம் படிந்தது.
கை குலுக்கும் முன் பையிலிருந்து
சின்ன விளக்கு ஒன்றை எடுத்து
"அறை விளக்கை அணையுங்கள்" என்றார்.
டவல்களோடு வாசலில் நின்ற நான்தான் அணைத்தேன்.

ஊதா வெளிச்சம்.
நீலக்கல் கறுத்துப்போயிற்று.
கறுப்பின் குறுக்கே, அடியிலிருந்து இரண்டு விரல் மேலே
நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு எரிந்தது.

பசை.

ரோஸி அலி காலுறையைப் பிசைந்தான்.
"பாலத்தில் ஜீப் தூக்கிப்போட்டது" என்றான்.
"என் மனைவி ஒட்டினாள்.
பகலில் பார்த்தால் எனக்கே தெரியாது."
சொல்லாமல் விற்கப் பார்த்ததைப் பற்றி
எதுவும் சொல்லவில்லை.

அந்த இருட்டில்
கோட்டைவிடப் பிரகாசமாக
விரிப்பு எரிந்துகொண்டிருந்தது.
நான் துவைத்த விரிப்பு.
சோப்புத்தூள் வேலை, பால் கலந்த நீலம்.
கையிலிருந்த டவல்கள் எரிந்தன.
என் காலர் எரிந்தது.
நகக்கண்ணில்கூடக் கொஞ்சம்.

ஜெர்மன்காரர் கோட்டை மட்டும் பார்த்தார்.
பாதி விலை சொன்னார்.
ரோஸி அலி இன்னும் இருநூறு கேட்டான்.
சுவிட்சில் கை வைத்தபடி நின்றேன்,
யாராவது போடச் சொல்லும்வரை.

மறுநாள் எல்லாரும் போனபின்
நூற்றுப் பதினைந்தின் ஷவர் தலையைக் கழற்றி
வினிகரில் போட்டேன்.
நுரைத்தது.
கொஞ்ச நேரம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்தேன்.

பிறகு நூற்றுப் பதினாறு.