பச்சைப் புள்ளிகள்

பெயர்ப் பட்டியல் வானொலியில் வந்தபோது
புலவாயோவில் மின்சாரம் இல்லை.
மெக்கானிக் ஒருவரின் காரைத் திறந்துவைத்து
நாலைந்து பேர் நின்று கேட்டோம்.
மூன்றாம் இடத்தில் குட்ஸானாய் மருஃபு.
யாரோ சிரித்தார்கள்.
யாரோ கதவை
காருக்கே வலிக்கும்படி சாத்தினார்கள்.

நான் ஸ்கோர் எழுதுகிறவள்.
பதினாறு வருடமாக.
நீலப் பென்சில் ஓட்டங்களுக்கு, சிவப்பு விக்கெட்டுக்கு.
பச்சை மட்டும் என் சொந்தச் செலவு.
தவறவிட்ட கேட்சுக்கென்று புத்தகத்தில் கட்டம் கிடையாது;
மூலையில் ஒரு புள்ளி வைப்பேன்.
நடுவர் கேட்டால்
பென்சில் முனை பட்டுவிட்டது என்பேன்.

இந்தப் பருவத்தில் லுங்கிசானி மபேனா:
நூற்றுப் பதினெட்டு. எழுபத்து மூன்று.
ஆட்டமிழக்காமல் எண்பத்தாறு,
அதுவும் க்வேக்வேயில்,
பந்து எழும்பாமல் பாம்பாய் ஊர்ந்த ஆடுகளத்தில்.
நாற்பத்தொன்று, உள்ளங்கையில் தையலோடு.
பச்சைப் புள்ளி மொத்தமே இரண்டு.

மருஃபு:
ஒன்பது. முட்டை. பதினான்கு. முட்டை. முட்டை.
நான் கோழிப்பண்ணைக்கா கணக்கெழுதுகிறேன்?

தேர்வுக் குழுத் தலைவர் சொன்னார்:
அனுபவம். அணியின் சமநிலை.
வலைப்பயிற்சியில் கண்ணால் பார்த்தோம்.
சமநிலைக்குத் தராசு வேண்டும்.
தராசுக்கு, இந்தப் புத்தகத்தை ஒருவராவது
திறந்திருக்க வேண்டும்.
இது ஹராரேவுக்குப் போனதே இல்லை.

ஆட்டத்தன்று மபேனாவும் வந்திருந்தான்,
மஞ்சள் மேல்சட்டையில், பன்னிரண்டாவது ஆளாய்.
இடைவேளைதோறும் ஓடிப்போய்
மருஃபுவுக்குத் தண்ணீர் கொடுத்தான்,
கையுறை மாற்றினான்,
காதில் ஏதோ சொன்னான்.
அந்த இடக்கைச் சுழல்காரன்
எந்தப் பந்தைத் திருப்புவதில்லை என்பதாகத்தான் இருக்கும்.
அவனுக்குத் தெரியும்.

மருஃபு அறுபத்திரண்டு அடித்தான்.

மறைக்க விரும்பவில்லை:
பதினொன்றில் அவன் தூக்கியடித்த பந்து
மிட் ஆஃபின் கைக்குள் இறங்கும்போதே
என் சிவப்புப் பென்சில்
காகிதத்தைத் தொட்டுவிட்டது.
பந்து நழுவியது.
ரப்பரால் அழித்தேன்.
அழித்த இடம் ரோஜா நிறத்தில் நின்றுவிட்டது,
அதன்மேல் பச்சை.
முப்பதில் ஒரு பச்சை. நாற்பத்தேழில் இன்னொன்று.
அரை சதத்துக்கு மைதானமே கைதட்டியது.
கார்க் கதவைச் சாத்தியவரும்
எழுந்து நின்று.

மாலையில் மேசையை மடக்கும்போது
படியில் செருப்புச் சத்தம்.
மருஃபு. காதோரம் குளித்த ஈரம்.
"எத்தனை தடவை அவுட் ஆனேன்?"
புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன்.
விரல் வைத்து எண்ணினான், மூன்று.
ரோஜா நிறத்தின்மேல் விரல் சற்றுத் தங்கியது.
ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு அவனாகவே பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டி
க்வேக்வேயில் நின்றான்.
நெடுநேரம்.

கீழே ஜகரண்டா உதிர்ந்த நடைபாதையில்
இரண்டு தோளிலும் இரண்டு பையோடு
மபேனா வேனுக்குக் காத்திருந்தான்.
அதில் ஒன்று மருஃபுவுடையது.

"நல்லா ஆடியிருக்கான்" என்றான்,
செத்தவனைப் பற்றிச் சொல்கிற குரலில்.
பச்சைப் பென்சிலை எடுத்து உருட்டிப் பார்த்தான்.
"இப்பத்தான் போன் வந்தது.
அடுத்த ஆட்டத்துக்கும் நான்தானாம்."

பென்சில் நான்கு விரல் நீளம்தான் மிச்சம்.
இன்னொன்று வாங்க வேண்டும்.