கடைசி ஸ்வரம்

லியெபாயாவில் டிராம் திரும்பும் முனையில்
ஒரு காலத்தில் மீன் அடைத்த ஆலை.
செவ்வாய் மாலை அங்கே பாட்டு.
குரல் தேர்வு கிடையாது என்று
கதவில் ஒட்டியிருந்தார்கள், புள்ளியெழுத்திலும்.

பெரிய குழுவில் பதினோரு வருடம் பாடியவள் நான்.
முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மால்வீனெக்குக் காது கேட்காது.
கட்டைக்குரல்காரர்கள் நடுவே உட்கார்ந்து
பலூனை நெஞ்சோடு அணைத்து
அதிர்வில் சுருதியைத் தேடுவாள்.
சில நாள் அகப்படும்.

எய்ஜென்ஸுக்குப் பக்கவாதம் வந்தபின்
தண்ணீர் கேட்கச் சொல் வராது.
பாடினால் வரும்,
ஓரெழுத்து சிந்தாமல்.

வில்னிஸ்தான் என்னைப் படுத்தினான்.
எப்போதும் அரை மாத்திரை பின்னால்.
அவனுக்கு மூச்சு தருவது யந்திரம்;
அதற்குத் தாளம் தெரியாது.

கடைசி ஸ்வரத்தை மட்டும்
அவன் விட்டுவிடட்டுமே என்றேன் ஸெல்மாவிடம்.
கையசைத்து எங்களை நடத்துகிறவள்,
என் தாளை வாங்கி
அந்த ஸ்வரத்தின் தலையில்
பென்சிலால் ஒரு வில் வரைந்தாள்,
வில்லுக்குள் ஒரு புள்ளி.
வேறு பதில் இல்லை.

நவம்பர் கச்சேரி.
நாங்கள் முடித்து வாயை மூடிவிட்டோம்.
ஸெல்மாவின் கை இறங்கவில்லை.
யாரோ கைதட்டத் தொடங்கி,
தப்போ என்று நிறுத்திக்கொண்டார்.
ஈரக் கோட்டுகளின் வாசனை.
வெளியே டிராம் திரும்பும் கிறீச்.
யந்திரம் ஒருமுறை சீறியது.

பிறகு வில்னிஸ்.
ஊசிக்காதில் நுழையக்கூடிய ஒரு ஆ.

அது எங்கே முடிந்தது என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அவனுக்குப் பக்கத்தில்
பலூன்மேல் விரல் வைத்திருந்த மால்வீனெ
தலையசைத்தாள்.
அப்புறம்தான் ஸெல்மா
கையை இறக்கினாள்.