கடைசி இலக்கம்

ஞாயிறு காலை ஆறு இருபது.
கொசக்கடை வீதியில் என் குடோன் வாசலை
அடைத்துக் கிடக்கிறது ஒரு வெள்ளைக் கார்.
உள்ளே டெம்போ.
டெம்போவில் ராத்திரியே ஏற்றிய
நூற்றைம்பது நாற்காலி.
அரியாங்குப்பத்தில் எட்டரைக்கு நிச்சயதார்த்தம்.
வேறு வண்டி கிடைக்காது, முகூர்த்த நாள்.

கேட்டில் நானே எழுதியது, இரண்டு வரி:
வண்டி நிறுத்த
கூடாது.
இரண்டாவது வரியைக் கார் மறைத்துக்கொண்டது.
மிச்சத்தைப் படித்தால்
நான் கூப்பிட்டு நிறுத்தச் சொன்ன மாதிரி இருக்கிறது.

அந்துவான் டயரில் ஓர் உதை விட்டான்.
கார் அலறியது.
எதிர்மாடியில் பிரஷ்ஷும் வாயுமாக மூன்று பேர்,
பால் பாக்கெட்டோடு ஒருவர்,
தெருவே விழித்துக்கொண்டது
காருக்கு உரியவனைத் தவிர.
"காத்தைப் புடுங்கி வுடு"
என்றார் இட்லிக்கடை கலிவரதன்.
புடுங்கினால் இங்கேயேதானே கிடக்கும்?
தண்டனை யாருக்கு?

முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர்,
அவசரத்துக்கு அழைக்க ஒரு செல் நம்பர்.
நல்லவன்தான் போல என்று எண்ணிப் பார்த்தால்
ஒன்பது இலக்கம்.
பத்தாவதை வெயில் உரித்துத் தின்றிருந்தது.

கேட்டின் சின்னக் கதவில் நுழைந்து
ஒரு நாற்காலியை மட்டும் உருவி வந்து
காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.
பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.

பூஜ்யம் உபயோகத்தில் இல்லை.
ஒன்று, அடித்துக்கொண்டே இருந்தது.
இரண்டில் ஒருவர், திண்டுக்கல் பக்கம்,
தான் எந்த லோனும் கேட்கவில்லை என்று
சத்தியம் செய்துவிட்டு வைத்தார்.
மூன்றில் எடுத்தது ஒரு குழந்தை.
அப்பா குளிக்கிறாராம்.
"எங்கே கண்ணு?" என்றேன்.
"பாத்ரூம்ல" என்றது.

நாலில் ஒரு பெண்.
"எங்ககிட்ட சைக்கிள்தாங்க இருக்கு."
பின்னால் குக்கர் விசில்.
வைக்கப் போனவள், வைக்காமல்,
"சேர் எதுக்கு, கல்யாணமா?"
நிச்சயதார்த்தம்.
"ஐயோ, வந்தவங்கல்லாம் நின்னுகிட்டே இருப்பாங்களே."
அதுவரை என் கண்ணில் நின்றது
வாடகை மட்டும்தான்.

ஐந்து, இந்தி. ஆறு, கெட்ட வார்த்தை.
ஏழு ஞாபகம் இல்லை.
எட்டில் ஒரு கொட்டாவி,
கொட்டாவிக்குப் பின்னால் கடல்.
"டூ மினிட்ஸ் ப்ரோ."

அந்த இரண்டு நிமிஷத்தில்
கலிவரதன் மூன்று ஈடு இட்லி இறக்கினார்.
பெண்ணின் சித்தப்பா நாலு முறை கூப்பிட்டார்,
நாலு முறையும் "மரப்பாலம் தாண்டிட்டோம்" என்றான்
அந்துவான், கேட்டில் சாய்ந்தபடி.
பிறகு எங்கிருந்தோ மார்க்கர் ஒன்று தேடி வந்து
ஒன்பது இலக்கத்துக்கு அப்புறம்
கண்ணாடியில் பெரிதாக ஓர் எட்டு போட்டான்.
கோபத்தில் போட்டானா
அடுத்த தெருக்காரன் நல்லதுக்குப் போட்டானா,
கேட்டால் அவனுக்கே தெரியாது.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம்
மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்,
நாற்காலிமேல் நாற்காலியாக.

ஏழே முக்காலுக்கு வந்தான்.
அரை டவுசர், காலில் மணல்,
கையில் குடித்து முடிக்காத காபி.
"கேட்டு பூட்டியிருந்துச்சு,
யாரும் இல்லேன்னு நெனச்சேன்."

அடுக்கியது ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டது.
எதை இழுத்தும் வரவில்லை.

எட்டைப் பார்த்தான்.
விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தான்.
"அது போகாது தம்பி" என்றேன்.
மொத்தத்தில் நான் சொன்னது அவ்வளவுதான்.

ராத்திரி பத்தரை.
கழுவி அடுக்கி எண்ணினால்
நூற்று நாற்பத்தொன்பது.
இன்னொன்று,
காலையில் போட்ட இடத்திலேயே
தெரு ஓரமாக, யாரையோ எதிர்பார்த்து.

போன் அடித்தது.
நாலில் முடிகிற நம்பர்.
"தூங்கிட்டீங்களா? ஒண்ணுமில்ல.
எல்லாரும் உக்காந்தாங்களா?"

"ஒருத்தரைத் தவிர" என்றேன்,
அந்த நாற்காலியில் உட்கார்ந்து.