மூன்றாவது கட்டம்

பனி உருகியபின், புல் எழும்புவதற்குள்
மூன்று வாரம்தான் எனக்கு.
அப்புறம் வெயிலில் வெளுத்துவிடும்,
வெளுக்காததைப் புல் மூடிவிடும்.
ஆகவே ஏப்ரலில் மண்டியிடுகிறேன்
ஆஸ்பென் மரம் ஒவ்வொன்றின் அடியிலும்.
வழிபட அல்ல.
புழுக்கை தேட.

மஞ்சள் நிறம், நெல்மணி அளவு.
குளிர்காலம் முழுக்க
ஆல்டர் மரத்தின் பூஞ்சரம் தின்ற வயிறு
வேறெந்த நிறத்தில் கழியும்?

எஸ்தோனியாவின் கிழக்கோரம், அலுதகூசே காடு.
பதினொரு வருடமாய்
பறக்கும் அணிலைப் பதிவு செய்கிறேன்.
ஒருநாளும் பார்த்ததில்லை.
நான் தூங்கப் போகையில் அது எழுந்து
மரத்துக்கு மரம் மிதந்து போகிறது;
நான் வரும்போது
மரங்கொத்தி விட்டுப்போன பொந்துக்குள் சுருண்டிருக்கிறது.
வேறுவேறு ஷிஃப்டில் வேலை பார்க்கும்
கணவன் மனைவிபோல
மிச்சம் வைத்ததைக் கொண்டுதான்
ஒருவரையொருவர் அறிவோம்.

படிவத்தில் கேட்பது கொஞ்சம்:
மரத்தின் எண். சுற்றளவு.
பொந்து எத்தனை மீட்டர் உயரத்தில், வாய் எந்தத் திசையில்.
கடைசியில் இரண்டு கட்டம்.
உண்டு.
இல்லை.

கேட்காததையும் ஓரத்தில் எழுதுவேன்.
பட்டையில் ஏறிய சாம்பல்நிற லைக்கன்,
குதிரைக் குளம்புபோல் தடித்த காளான்,
வண்டு துளைத்து வெளியேறிய ஓட்டை
பென்சில் நுனி நுழையும் அகலம் என்று.
அவற்றுக்காக யாரும்
ஒரு மரத்தையும் விட்டுவைக்கப் போவதில்லை.
இருந்தாலும் இருந்தன என்று
எங்காவது இருக்கட்டும்.

இன்று இருநூற்றுப் பதினான்காம் கூறு.
பாதையோரம் வெட்டும் இயந்திரம்,
அதன் படியில் வாம்போலா,
பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு.
“உண்டென்றால் உண்டு என்று சொல், கிளம்புகிறேன்.
இல்லையென்றால் அதையாவது சொல்.
சும்மா நிற்கிற நாளுக்கு
எனக்குக் கூலி கிடையாது, மார்யே.”

பெரிய மரம் அது, என் இரு கைக்கும் அடங்காதது.
மூன்று பொந்து.
தெற்கு வேரடியில் சருகு விலக்கினேன்,
கிழக்கில் விலக்கினேன், மேற்கில்.
சருகு. சருகு. முயல் போட்ட உருண்டை நாலு.

என் சட்டைப் பையில் ஒரு டப்பி,
பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்துவைத்தது.
போன வருடத்துப் புழுக்கை இருபத்து மூன்று
மஞ்சள் மாறாமல்.
ஏழு போதும்.
இந்தத் துண்டுக் காடு நிற்க
ஏழு புழுக்கை போதும்.

மூடியைத் திறந்தேன்.
வாம்போலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்,
வேண்டுமென்றேதானோ என்னவோ.

மூடினேன்.
நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள்.
ஏழு பொய்யை இங்கே தூவினால்
இத்தனை வருடமாய் ‘உண்டு’ என்று நான் எழுதிய
ஒவ்வொரு மரத்தின் கீழும்
யாராவது வந்து நின்று
“இதுவும் இவள் டப்பியா?” என்று கேட்பார்கள்.
அவற்றில் எத்தனையோ
என் ஒரு சொல்லின் மேல்தான் நிற்கின்றன.

பேனா ‘இல்லை’க்கு மேல் போனது.
அங்கேயே நின்றது.
வடக்கு வேரிடுக்கில் வெயில் படவில்லை;
ஒரு சாண் பனி இன்னும் கல்லாய்க் கிடந்தது.
அதன் அடியில் என்ன என்று
எனக்கும் தெரியாது, அலுவலகத்துக்கும் தெரியாது.
தெரியாததை ‘இல்லை’ என்று எழுத
இத்தனை வருடம் எத்தனை முறை துணிந்தேனோ.

ஸ்கேல் இல்லை. டப்பியின் விளிம்பை வைத்து
மூன்றாவதாய் ஒரு கட்டம் வரைந்தேன்,
கொஞ்சம் கோணல்.
‘காணவில்லை. வடபுறம் பனி.
பத்து நாள் கழித்து மறுபடி.’

வாம்போலா தாளை வாங்கிப் பார்த்தான்.
“இப்படி ஒரு கட்டம் கிடையாதே.”
“தெரியும்.”
“பத்து நாளா?”
“வெயில் அடித்தால் எட்டு.”

ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், மெதுவாக,
என்னையா வானத்தையா தெரியவில்லை.
காப்பியின் மிச்சத்தைப் பனியில் கொட்டினான்.
ஏறி உட்கார்ந்தவன் சாவியைத் திருகாமல்
கண்ணாடி வழியே மேலே பார்த்தான்:
“அந்த நடுப் பொந்து, வாசல் எந்தப் பக்கம்?”

“தென்கிழக்கு.”

தலையாட்டிக்கொண்டான்,
வீடு பார்க்க வந்தவன்போல.