மூன்று நாள் பாக்கி

பிதோம் சந்தையில், மாதத்தின் முதல் ஞாயிறு,
பனி உறைந்த தார்ப்பாய்மேல் கிடந்தது:
ஃபியட் நூற்று இருபத்தாறு.
போலந்து முழுக்கப் பொடியன் என்று கூப்பிடுகிற சின்னக் கார்.
நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு, ஏழு சென்டிமீட்டர்,
முட்டைக்கரு மஞ்சள்.
இடப்பக்கக் கண்ணாடி இல்லை.
பின்னால் எஞ்சின் மூடி திறக்கும்,
நகம் இருந்தால்.

நான் நகம் வளர்க்காதவன். பல் செட் கட்டுவது தொழில்.
குனிந்தபோது குறுக்கே இன்னொரு கை,
கம்பளி உறைக்கு வெளியே இரண்டே விரல்.
முன் சக்கரம் என்னிடம், பின் சக்கரம் அவளிடம்.
அறுபது என்றிருந்த கடைக்காரர்
எங்களைப் பார்த்துவிட்டு எண்பது என்றார்.
நான் தொண்ணூறு. அவள் நூறு.
நூற்றுப் பத்தில் இருவருக்குமே மூச்சு முட்டியது.

ஒபோலேயிலிருந்து வருகிறாளாம். பெயர் தெக்லா. வரி அலுவலகம்.
வீட்டில் இருநூற்றுப் பதினேழு கார் நிற்கின்றன,
ஒன்றைக்கூடப் பணக்காரன் ஓட்டியதில்லை என்றாள்.
அங்கேயே நான் கையை எடுத்திருக்க வேண்டும்.
எடுக்கவில்லை.
என் அலமாரியிலும் அதே கூட்டம்தான்:
ட்ராபான்ட், சிரேனா, ஸாஸ்தவா, ரெனோ நாலு.
குளிரில் கிளம்பாதவை, மேட்டில் இறங்கித் தள்ளவேண்டியவை,
ஐந்து பேரோடும் ஒரு நாயோடும்
கடல்வரை போய்த் திரும்பியவை.
ஃபெராரி சேர்க்கிறவன் வந்தால்
நான் வீட்டில் இல்லை.

ஆளுக்கு ஐம்பத்தைந்து ஸ்லோட்டி.
ரொட்டிக்கடை ரசீதின் முதுகில் ஒப்பந்தம்:
ஒற்றைப்படை மாதம் என்னிடம், இரட்டைப்படை அவளிடம்.
வெயில் படக்கூடாது.
கேட்காமல் எதையும் ஒட்டவோ பூசவோ கூடாது.
குழந்தைகள் தொடலாமா? இழுபறி. கோடு போட்டு விட்டுவிட்டோம்.
கைமாற்றும் இடம் க்ளிவிட்சே தாண்டியதும் வரும் பெட்ரோல் பங்க்,
மாதக் கடைசி நாள், சாயங்காலம் ஆறு மணி.

பிப்ரவரி முடிந்து திரும்பியபோது
பொடியனின் கூரைமேல் ஒரு பெட்டி.
தீக்குச்சிகளை அடுக்கி, வாட்ச் வாரின் தோலைச் சீவி ஒட்டி,
நூலால் இறுக்கியிருந்தாள். பூட்டுகூட இருந்தது.
ஒப்பந்த மீறல்! கத்துவதற்கு அவள் எண்ணைத் தேடினேன்.
தேடும்போதே லென்ஸ் கைக்கு வந்துவிட்டது.
முடிச்சைப் பார்த்தேன்.
லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு.

என் உயரம் நூற்று எழுபத்திரண்டு.
நாற்பத்து மூன்றால் வகுத்தால் நான்கு சென்டிமீட்டர்.
அந்த இருக்கையில் எனக்கு முட்டி இடிக்கும், நிஜக் காரிலும் இடித்ததுதான்.
அவள் வீடு எண்பத்தாறு கிலோமீட்டர்.
வகுத்தால் இரண்டு. நடந்தே போகலாம்.
அன்றிரவு பல்லுக்கு வார்க்கிற பிசினில்
அரைமணி அரிசியளவு கண்ணாடி ஒன்று வார்த்து
இடப்பக்கம் ஒட்டினேன்.
அவளும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அலுவலக நடையில் கடிதம்.
ஒற்றைப்படை மாதங்களில் நூற்று எண்பத்து நான்கு நாள்,
இரட்டைப்படையில் நூற்று எண்பத்தொன்று.
எனவே வருடத்துக்கு மூன்று நாள் தாங்கள் பாக்கி.
தகுந்த ஏற்பாடு செய்யவும்.

பெட்ரோல் பங்கின் உள்ளே, இரண்டு காகிதக் கோப்பைகளுக்கு நடுவே
பொடியனை நிறுத்தினோம்.
ஒரே தவணையில் கட்ட முடியாது என்றேன்.
மூன்று நாள் என்றால் எழுபத்திரண்டு மணி.
ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு மணி,
இந்த மேசையில், கார் இருவருக்கும் பொதுவாக நிற்க.
ஆறு வருஷத்தில் தீர்ந்துவிடும்.

"அந்த ஆறு வருஷத்துக்கு
இன்னொரு பதினெட்டு நாள் ஏறியிருக்குமே?"
சொன்னது நான்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

தெக்லா பேனாவை மூடினாள்.
"பதினேழு" என்றாள். "நடுவில் ஒரு லீப் வருஷம் வருகிறது."
சுண்டுவிரல் நகத்தால்
எஞ்சின் மூடியைத் திறந்து
என் பக்கம் திருப்பி வைத்தாள்.
மணி ஆறு பத்து.