முழங்காலுக்குக் கீழே சோஃபியா

மஞ்சள் கல் பாவிய வீதியில்
மழை நின்று பத்து நிமிடம்.
சோப்புத் தேய்த்த தரைபோல் வழுக்குகிறது தலைநகரம்.
வரைபடம் விடுதி அறையிலேயே கிடக்கிறது,
நனைந்த காலுறைக்குப் பக்கத்தில்.
நகரின் நடுப்பகுதிதானே,
ஒரு மணி நேரத்தில் நடந்து தீரும் என்றார்கள்.
மூன்று மணி நேரமாயிற்று.
இன்னும் அதே டிராம் தண்டவாளத்தைத்தான்
குறுக்கே கடந்துகொண்டிருக்கிறேன்.

தாகம்.
கடை எதுவும் கண்ணில் படவில்லை.
கண் உயரத்தில் தேடியதுதான் பிழை.
நடைபாதை ஓரம், கணுக்காலுக்கு அருகே
திறந்திருந்தது ஒரு சன்னல்.
நிலவறைக்குள் விளக்கு,
சிகரெட், சூயிங்கம், சூரியகாந்தி விதை, பீர்.
எனக்கு முன்னால் ஒருவர் கோட்டை ஒதுக்கிக் குந்தினார்,
வாங்கினார், முட்டியில் கையூன்றி எழுந்தார்.
நானும் குந்தினேன்.
நாற்பத்தாறு வயது முட்டி
பல்கேரிய மொழியில் சொடுக்கியது.

தண்ணீர் உண்டா என்று சைகையில் கேட்டேன்.
உள்ளிருந்தவள் இடவலமாய்த் தலையசைத்தாள்.
சரி, இல்லை.
எழுந்து நாலடி வைத்திருப்பேன்,
பின்னாலிருந்து ஓர் அதட்டல்.
சன்னலுக்கு வெளியே ஒரு கை, கையில் குப்பி,
மணிக்கட்டில் மார்ச் மாதத்துச் சிவப்பு வெள்ளை நூல்.
இங்கே ஆம் என்றால் அப்படித்தான் அசைப்பார்களாம்,
இல்லை என்றால் மேலும் கீழும்.
நல்லவேளை, இரண்டுக்கும் நடுவே
தோளை நோக்கிச் சாய்கிற ஓர் ஆட்டம்
எங்கள் பக்கம் உண்டு.
ஆம், இல்லை, பார்க்கலாம், நீங்கள் சொன்னால் சரி,
எல்லாவற்றுக்கும் அது போதும்.
அதையே கொடுத்தேன்.
அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணினாள்.

படியிறங்கினால்
மெட்ரோ வாசலிலேயே ஒரு ரோமானியத் தெரு.
கண்ணாடிக்குக் கீழே செங்கல் சுவர்கள்,
எப்போதோ வற்றிய ஒரு சாக்கடை.
பேரரசனின் பெயரைப் பலகையில் படித்தேன், மறந்தேன்.
சாக்கடையின் சரிவுதான் மனதில் நிற்கிறது.
ஒருவன் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி
நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்திருக்கிறான்.
நகராட்சிக் குழாய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு
அவன் முதுகுவலி தெரியும்.

பழைய குளியல் மாளிகைக்கு அருகே
வரிசையாகக் குழாய்கள்.
யாரும் காய்ச்சாத வெந்நீர்
தன்பாட்டில் கொட்டிக்கொண்டிருக்கிறது.
என் கை தானாகத் திருகைத் தேடிற்று
(ஒழுகும் குழாயைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது).
தள்ளுவண்டியில் ஆறு கேன்களோடு நின்றவர்
மார்பைத் தட்டி "லியூபென்" என்றார்,
குடி என்று கட்டைவிரலைச் சாய்த்தார்.
குடித்தேன்.
இரும்பு, பிறகு லேசாக அவித்த முட்டை.
நன்றாயிருக்கிறது என்று மேலும் கீழும் ஆட்டிவிட்டேன்.
அவர் முகம் வாடிப்போயிற்று.
சட்டென்று திருத்தி இடவலம் ஆட்டினேன்.
இப்போது அவருக்குச் சந்தேகம்:
இவன் எந்த ஊர் முறையில் ஆட்டுகிறான்?
இருவரும் தலையை நிறுத்திவிட்டுக்
கேனைப் பிடித்தோம்.
மூன்றாவது நிறையும்போது
மசூதிப் பக்கமிருந்து எழுந்த புறாக்கூட்டம்
யூதர் கோயில் கூரையில் அமர்ந்து,
ஏனோ பிடிக்காமல்,
தேவாலய மணிக்கூண்டுக்குப் போயிற்று.
லியூபென் அண்ணாந்து பார்த்தார். தும்மினார்.

இருட்டியபின் சன்னலுக்குத் திரும்பினேன்.
குந்துமுன்பே உள்ளிருந்து குரல்:
"வோதா?"
தண்ணீர்க்காரன்.
முகத்தை அல்ல, காலணியை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
இடது கயிறு அறுந்து முடிச்சிட்டது.
பெயர் கேட்டேன். வெனெத்தா.
வெனெத்தாவின் சோஃபியா முழங்காலோடு முடிகிறது.
அமைச்சரும் மாணவியும் நாயும் அங்கே ஒரே உயரம்.
சம்பளம் வந்த குதிகால் எது,
வீட்டுக்குப் போக மனமில்லாமல்
மூலையில் நிற்கும் குதிகால் எது என்பதெல்லாம்
அவளுக்குத் தெரிந்திருக்கும்,
நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேறு காலணி,
விமானத்துக்கென்று பாலிஷ் போட்டது.
சன்னலைக் கடந்தேன். நின்றேன்.
யாரும் அழைக்கவில்லை.
வெளியூர்க் கறுப்புத் தோல் இரண்டு, அவ்வளவுதான்.
குனிந்து முகம் காட்டலாமா?
தலை தானாக ஆடியது.
எந்தப் பக்கம் என்று கவனிக்குமுன்
டாக்ஸி வந்துவிட்டது.