சென்டிமீட்டர் கணக்கு

தாராபுரத்துப் பகுதிநேர நிருபன் எனக்கு
அளந்துதான் கூலி.
அச்சில் வந்ததை வெட்டி ஒட்டி
மகளின் ஸ்கேலை வைத்துக் கூட்டி
மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும்.

ஐப்பசியில் நல்ல வரும்படி.
அலங்கியம் ரோட்டுத் தோட்டத்துச் சாளையில்
தனியாக இருந்த பெரியவரை
முகமூடி போட்ட எவனோ வெட்டிவிட்டுப் போனான்.
பதினோரு நாள், முதல் பக்கம்.
மோப்ப நாய் திகைத்து நின்ற
வாய்க்கால் மேட்டுக்குக்கூடத் தனிப் படம்.
நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர்.
ஸ்கூட்டருக்கு இரண்டு டயரும் மாற்றினேன்.

நாச்சிமுத்து கடையில் கேமரா தீர்ந்து
கோயமுத்தூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது.
சாளைக்குச் சாளை கம்பம் நட்டார்கள்.
எல்லாக் கேமராவும் ரோட்டையே பார்த்தன.

சவக்கிடங்குத் துளசிமணி
டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"அந்த முகமூடிக்காரனுக்கு இத்தனை பேப்பரு எதுக்குங்க?
ஆறு வருசத்துல வெளியாள் கையால வந்தது
இவரு ஒருத்தருதானுங்க.
மத்ததெல்லாம் கட்டுனவன், பங்காளி,
கூடக் குடிச்சவன்,
ஒரே வட்டல்ல தின்னவன்."

துளசிமணி கணக்கை நான் எழுதியதில்லை.
அதற்கு எத்தனை சென்டிமீட்டர் தருவார்கள்?

மில்லில் கம்பியால் அடிபட்டுச் செத்தவனின் பேரை
எழுத்துக் கூட்டி வாங்கி அனுப்பினேன், பிர்சா டோப்னோ.
'வடமாநிலத் தொழிலாளி' என்று வந்தது. இரண்டு.
கிணற்றில் மிதந்த கல்லூரிப் பிள்ளைக்கு வயிற்று வலியாம்.
யாரோடு பேசினாள், எந்தத் தெருப் பையன் என்று
ஊரே சொன்னது,
ஒருவரும் சொல்லவில்லை.
அது வரவே இல்லை.

கார்த்திகையில் மூலனூர்ப் பக்கம் கோகிலாமணி.
வயது முப்பத்தொன்று.
'குடும்பத் தகராறில் பெண் பலி.'
முருங்கைக்காய் விலைக்குக் கீழே மூன்றரை.

பேப்பரைப் பார்த்துப் பயந்து
பால் காசில் தவணை கட்டி
கேமரா வைக்கச் சொன்னவள் அவள்தானாம்.
இன்ஸ்பெக்டர் போட்டுக் காட்டினார்:
பத்தே காலுக்கு வீட்டுக்காரன்
பைக்கை உள்ளே தள்ளுகிறான்.
கேட்டைப் பூட்டி
பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்க்கிறான்.
பிறகு ரோடு. ரோடு.
ஒரு நாய்.
நாலரைக்குப் பால் வண்டி.
வெளியாள் யாரும் வரவில்லை.
படம் நல்ல தெளிவு.